நுனியில் இருக்கிற சில கிராம்

பூல் விளையாட வருகிற பிள்ளைகள், பந்தைப் பாக்கெட்டில் தள்ளப் பழகி, சைடு போட (வெள்ளைப் பந்தை ஓரத்தில் அடித்துச் சுழற்ற) ஆரம்பித்ததும் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், ஷாஃப்ட் விறைப்பா இருந்தா டிஃப்ளெக்‌ஷன் குறையுமா, வளையிற மாதிரி இருந்தா குறையுமா?" கேட்கும்போதே கையில் கைபேசி இருக்கும். அதில் ஒரு கார்பன் ஷாஃப்டின், அதாவது கியூவின் முன்தண்டின், படமும் விலையும் இருக்கும். வீட்டில் எப்படிக் கேட்பது என்ற கவலை முகத்தில் இருக்கும். அப்படி நிற்கிற பிள்ளைக்கு "இதை வாங்கு, அது வேண்டாம்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது. தம்பி, உட்கார். பணத்தை எடுப்பதற்கு முன்னால் விஷயத்தை முழுக்கக் கேட்டுவிடு.

வெள்ளைப் பந்தை நட்டநடுவில் அடித்தால் கியூ எந்தக் கோட்டைப் பார்க்கிறதோ அந்தக் கோட்டிலேயே அது போகும். வலது ஓரத்தில் அடித்துப் பார். பந்துக்குச் சுழற்சி கிடைக்கும். ஆனால் அது கியூ காட்டிய வழியில் போகாமல் கொஞ்சம் இடது பக்கமாக விலகிப் போகும். நீ டிஃப்ளெக்‌ஷன் என்று கேட்டது இந்த விலகலைத்தான். இடது ஓரத்தில் அடித்தால் வலப்பக்கம் விலகும். நடுவை விட்டு எவ்வளவு தள்ளி அடிக்கிறாயோ அவ்வளவுக்கு விலகலும் கூடும். மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் இந்தக் கோணம் ஏறக்குறைய மாறுவதில்லை. இது பலருக்குத் தெரியாது. ஓங்கி அடித்ததால்தான் பந்து ஓடிவிட்டது என்று கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எவ்வளவு விலகும் என்பதையும் கேள். கியூ நுனியிலுள்ள தோல் டிப் வழுக்காமல் அடிக்க வேண்டுமென்றால் நடுவிலிருந்து பந்தின் ஆரத்தில் ஏறத்தாழப் பாதி தூரம் வரைதான் போகலாம். அந்த எல்லையில் அடித்தால் சாதாரண மேப்பிள் மரத்தண்டில் விலகல் சுமார் 2.5 பாகை வரும். கேட்க அற்பமாகத் தெரியும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கிற பந்தை நோக்கி அடித்தால் அந்த 2.5 பாகை 4 சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். பூல் பந்தின் விட்டமே 57 மில்லிமீட்டர். நெற்றிக்கு நேராகக் குறிவைத்தவன் விளிம்பை உரசிவிட்டுப் போவான்.

ஏன் விலகுகிறது? வலது ஓரத்தில் டிப் பட்டதும் பந்து சுழலத் தொடங்குகிறது. டிப்பும் சாக்குத் தூளும் பந்தின் தோலைப் பிடித்துக்கொண்டிருப்பதால், சுழல்கிற பந்து கியூவின் நுனியைத் தன்னோடு சேர்த்து வலப்பக்கம் இழுத்துத் தள்ளுகிறது. நுனிக்கென்று ஓர் எடை உண்டு. அது அவ்வளவு சுலபத்தில் நகர்ந்து கொடுக்காது. அதைத் தள்ளுகிற பந்து, எதிர்விசையால் தானும் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. விலகல் என்பது இவ்வளவுதான். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பக்கவாட்டில் நகர மறுப்பது எது? நுனியின் எடையா, தண்டின் விறைப்பா?

வெகுகாலம் பூல் ஆட்டக்காரர்கள் இதில் இரண்டு கட்சியாக நின்றார்கள். விறைப்பான தண்டு அசைந்து கொடுக்காது, அதனால் பந்து நேராகப் போகும் என்றது ஒரு கட்சி. வளைகிற தண்டு பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கும், அதனால் விலகல் குறையும் என்றது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்குக் கையில் சாட்சியும் இருந்தது. மெல்லிய, வளைகிற தண்டுகளில் விலகல் உண்மையாகவே குறைவாகத்தான் இருந்தது. பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்தார்கள். தண்டைக் கடைந்து மெலிதாக்கினால் அது வளைவது மட்டுமல்ல, எடையும் குறைகிறது. இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. கண்ணுக்குத் தெரிந்த வளைவுக்குப் பேர் கிடைத்தது, தெரியாத எடைக்குக் கிடைக்கவில்லை.

இதைப் பிரித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் பூல் மேல் பைத்தியமாக இருந்த சில விஞ்ஞானிகளும் பொறியாளர்களும். ரான் ஷெப்பர்டு என்பவர் 2001-ல் இந்த ஒரே விஷயத்தைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதிக் கணக்கோடு விளக்கினார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியட்டோர், மெதுவாக ஓட்டிப் பார்க்கிற அதிவேகப் படங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். மனிதக் கை ஒரே அடியை இரண்டு முறை அடிக்காது என்பதால் கியூ தயாரிக்கிற பிரிடேட்டர் நிறுவனம் அயர்ன் வில்லி என்று ஓர் எந்திரத்தையே வைத்து அடித்துப் பார்த்தது. எனக்கு இவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. யாரும் கட்டளையிடாமல், பச்சைத் துணி போர்த்திய ஒரு மேசையின் மேல் நடக்கிற சின்ன விஷயத்துக்காக இவ்வளவு பொறுமையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எளிமையான ஒன்று. கியூவின் நுனிக்கு அருகே ஒரு சிறு எடையை இறுக்கிப் பொருத்தினார்கள். தண்டின் விறைப்பு அப்படியே இருக்கிறது, மரம் அதேதான், டிப் அதேதான். ஆனால் விலகல் கூடிவிட்டது. பிறகு அதே எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினார்கள். விலகல் குறைந்துகொண்டே வந்தது. நுனியிலிருந்து ஆறேழு அங்குலம் தாண்டியதும் எடை இருந்தும் இல்லாததும் ஒன்றாகிவிட்டது.

ஆறேழு அங்குலத்தோடு நின்றுவிடுவது ஏன்? டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிருதுவான டிப் என்றால் அதைவிடச் சற்றுக் கூடுதல். கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையை உதறினால் அந்த உதறல் மறுமுனைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது அல்லவா? கியூவிலும் பக்கவாட்டு அசைவு அலையாகத்தான் பின்னோக்கிப் போகிறது. அது சில அங்குலம் போவதற்குள் பந்து புறப்பட்டுவிடுகிறது. மீதித் தண்டுக்கும், பின்னாலிருக்கிற கனமான கைப்பிடிக்கும், அதைப் பிடித்திருக்கிற உன் கைக்கும் பந்து போன பிறகுதான் செய்தி வருகிறது. கியூ மொத்தம் அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கலாம். விலகலைப் பொறுத்தவரை அதில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே இல்லை.

அப்படியானால் விறைப்புக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் சிறியது. தண்டு விறைப்பாக இருந்தால் அந்த அலை வேகமாகப் பின்னே போகும்; அதே ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கூடுதல் நீளமும், அதனால் கூடுதல் எடையும் அடியில் சேரும். ஆனால் இந்த வேகம் விறைப்போடு மிக மெதுவாகத்தான் ஏறுகிறது. எடை மாறாமல் இருக்க, விறைப்பு மட்டும் 16 மடங்கு ஆனால்தான் அலையின் வேகம் 2 மடங்கு ஆகும். கடையில் இருக்கிற இரண்டு ஷாஃப்டுகளுக்கு இடையே விறைப்பில் அவ்வளவு வித்தியாசம் ஒருபோதும் இருக்காது.

எடையின் கணக்கு இப்படி இல்லை. 170 கிராம் பந்தை வைத்து ஷெப்பர்டின் சூத்திரத்தில் எண்களைப் போட்டால், 2.5 பாகை விலகுகிற சாதாரணத் தண்டின் நுனி சுமார் 8 கிராம் எடை போல நடந்துகொள்கிறது. குறைந்த விலகல் என்று விற்கிற தண்டில் விலகல் 1.8 பாகை என்று வைத்துக்கொண்டால், அதன் நுனி ஐந்தரை கிராம். நீ வீட்டில் எப்படிக் கேட்பது என்று தவிக்கிற அந்தப் பெரிய தொகை, தம்பி, நுனியிலிருந்து இரண்டு மூன்று கிராமை எடுப்பதற்குத்தான்.

அந்த வேலையை ஏளனமாக நினைத்துவிடாதே. 1994-ல் தொடங்கிய பிரிடேட்டர் தன் 314 ஷாஃப்டில் ஆப்பு வடிவ மரத்துண்டுகளை வட்டமாகச் சேர்த்து ஒட்டி, முன்பகுதியின் உள்ளே துளையிட்டு, டிப்புக்குப் பின்னால் மாட்டுகிற ஃபெர்ரூல் வளையத்தையும் இலேசாக்கி அதைச் சாதித்தது. 2016-ல் அவர்களுடைய ரெவோ வந்தது, கார்பன் இழையில். எனக்குக் கிடைத்த கடைசிச் சாட்சி இதுதான். கார்பன் தண்டு வளைந்து கொடுக்கிற ரகம் இல்லை, கையில் பிடித்தாலே அதன் விறைப்பு தெரியும். ஆனாலும் விலகல் குறைவு, ஏனென்றால் முன்பகுதி கூடாகவும் இலேசாகவும் இருக்கிறது. வளைவதால்தான் விலகல் குறைகிறது என்ற கட்சிக்கு இதற்குப் பதில் இல்லை. எதிர்ப்பக்கச் சாட்சியும் நம் ஊரிலேயே உண்டு. இங்கே கூடங்களில் ஸ்னூக்கர் மேசைதான் அதிகம். ஸ்னூக்கர் கியூவின் நுனி 10 மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிந்து போயிருக்கும், ஆனால் அந்த மெல்லிய நுனியில் பித்தளை ஃபெர்ரூல் மாட்டியிருக்கும். மெலிந்திருப்பதால் மிச்சமான எடையைப் பித்தளை திருப்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் வைக்கிறது.

இவ்வளவையும் நான் உனக்குச் சொல்வது கியூ வாங்குவதற்காக மட்டும் இல்லை. ஒன்றாக வருகிற இரண்டில் எது காரணம் என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் உனக்கு இந்த வயதிலேயே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கண்டிப்பான வாத்தியாரிடம் படித்தவன் முன்னுக்கு வருவான் என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்த்தவரை கண்டிப்பான வாத்தியார்களில் பலர் ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை, ஒவ்வொரு நோட்டையும் திருத்தாமல் விட்டதில்லை. பிள்ளைகளை முன்னேற்றியது அந்தத் தவறாத வருகையா, கையிலிருந்த பிரம்பா? பிரம்பு கண்ணில் பட்டதால் பிரம்புக்குப் பேர் போய்விட்டது. அதை நம்பிப் பிரம்பை மட்டும் எடுத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. உன் வேலையில், உடம்பில், நாளைக்கு உன் குடும்பத்தில் இதுபோல நூறு விஷயம் வரும். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், என்ன ஆகிறது என்று பார். நுனியில் எடையைப் பொருத்திப் பார்த்தவர்கள் செய்தது அவ்வளவுதான்.

கை விஷயத்துக்கு வருகிறேன். பந்து விலகுகிறதே என்று பல பிள்ளைகள் கியூவை இறுக்கிப் பிடிக்கிறார்கள், அடிக்கிற நொடியில் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அடியின் பக்கவாட்டு அதிர்வு உன் உள்ளங்கைக்கு வரும்போது பந்து கிளம்பிப் போய்விட்டது. உன் மூளைக்கு அது எட்டும்போது வெள்ளைப் பந்து தன் வழியில் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல அடி என்று கை சொல்கிற அந்தச் சுகமான உணர்வும், விறைப்பான தண்டு தருகிற அந்தக் கணீரென்ற ஓசையும், நடந்து முடிந்ததைப் பற்றிய செய்திகள். அவற்றை ரசி, நானும் ரசிக்கிறேன். அவற்றைக் கொண்டு பந்தைத் திருத்த முடியாது. பந்து எங்கே போக வேண்டும் என்பது நீ குனிந்து நிலையெடுத்து, கியூவைத் தாங்குகிற பிரிட்ஜ் கையைத் துணியில் ஊன்றி, டிப் எங்கே படப்போகிறது என்று தீர்மானித்த போதே முடிவாகிவிடுகிறது. பிள்ளைகளை நான் அடியைவிட நிலைக்காகத்தான் அதிகம் நிறுத்தித் திருத்துகிறேன். சிலருக்கு அலுப்பாக இருக்கும், தெரியும். ஆனால் நம் கைக்கு எட்டுகிற நேரம் அது ஒன்றுதான்.

விலகலே இல்லாத கியூ கிடைக்குமா என்றும் கேட்பார்கள். கிடைக்காது. நுனிக்கு எடையே இல்லாமல் எதைச் செய்ய முடியும்? குறைக்கலாம், அவ்வளவுதான். அதுவும் போக, விலகல் மட்டும்தான் வழியில் இருக்கிறது என்று நினைக்காதே. மேசை ஓரத்துக்காகக் கியூவின் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கும். அதனால் வலது சைடு போட்ட பந்து முதலில் இடப்பக்கம் விலகி, பிறகு துணியில் உரசி வலப்பக்கம் வளைந்து வரும். மெதுவான நீண்ட அடியில் இந்த வளைவு விலகலையே ஈடுகட்டிவிடும். வேகமான அடியில் வளைவதற்கு நேரம் இருக்காது. புதுத் துணிக்கும் பழைய துணிக்கும் இது மாறும். இந்த வளைவுகளின் கணக்கைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835-லேயே பில்லியர்ட்ஸ் பற்றித் தனிப் புத்தகமாகப் போட்டுவிட்டார். அந்தப் புத்தகம் வந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் குறைந்த விலகல் தண்டுகள் சந்தைக்கு வந்தன. அதுவரை ஆடியவர்கள் என்ன செய்தார்கள்?

ஆடினார்கள். வில்லி மோஸ்கோனி 1954-ல் ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு காட்சி ஆட்டத்தில் தவறாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து பாக்கெட்டில் போட்டார், சாதாரண மரக் கியூவால். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் மேசை எட்டாத வயதில் குளிர்பானப் பெட்டிகள் மேல் ஏறி நின்று மணிலாவில் தன் மாமாவின் கூடத்தில் ஆடிப் பழகியவர். 1999-ல் நைன்பால் உலகச் சாம்பியன் ஆனார். அவர் ஆட்டத்தைப் பார், ஒவ்வொரு அடியிலும் சுழற்சி இருக்கும். அவர் பழகிய காலத்தில் விலகல் என்பதை யாரும் அளந்து சொல்லித் தரவில்லை. தன் கியூ எவ்வளவு விலகும் என்பதை உடம்பு அறியும் வரை அதையே வைத்து ஆடினார்கள் அந்தத் தலைமுறையினர். விலகல் இரண்டரை பாகையோ ஒன்றே முக்காலோ, தினமும் ஒரே அளவாக இருந்தால் கண்ணும் கையும் அதற்கு ஈடு கொடுத்துக் குறிவைக்கப் பழகிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு ஷாஃப்ட் மாற்றுகிறவனுக்கு அது எந்தக் காலத்திலும் வராது. நல்ல கை உள்ள பிள்ளைகள் இப்படி மாற்றி மாற்றியே தேங்கிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

குறைந்த விலகல் தண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈடுகட்ட வேண்டிய அளவு குறைந்தால் தப்புவதும் குறையும், அது உண்மை. வீட்டில் வசதி இருந்தால் வாங்கு. வசதி இல்லாவிட்டால் அதற்காக அம்மாவின் நகையைப் பார்க்காதே. கூடத்தில் இருக்கிற கியூக்களில் நேராக உள்ள ஒன்றைத் தேர்ந்து, தினமும் அதையே எடு. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வா.

வெள்ளைப் பந்துக்கு ஒரு மீட்டருக்குக் குறைவான தூரத்தில் இன்னொரு பந்தை நேராக வை. முழுப் பந்தாக நடுவில் மோதுமாறு குறிபார்த்து, டிப்பை வெள்ளைப் பந்தின் நடுவுக்கு நேராகக் கொண்டு போ. பிரிட்ஜ் கையை நகர்த்தாமல், பின்கையை மட்டும் இடப்பக்கம் நகர்த்து. டிப் வலது ஓரத்துக்குப் போகும். கியூவை முடிந்தவரை படுக்கையாக வைத்து, வளைவுக்கு இடம் கொடுக்காமல் சற்று வேகமாக, அது இப்போது காட்டுகிற கோட்டிலேயே அடி. வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நின்று பம்பரமாகச் சுழன்றால், உன் பிரிட்ஜ் கைக்கும் பந்துக்கும் உள்ள தூரம் அந்தத் தண்டின் விலகலுக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. மோதிய பிறகு வெள்ளைப் பந்து வலப்பக்கம் நகர்ந்தால் பிரிட்ஜ் கையைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டு போ. இடப்பக்கம் நகர்ந்தால் முன்னுக்குக் கொண்டு வா. பத்துப் பன்னிரண்டு அங்குலத்தில் தொடங்கலாம். விலகல் குறைந்த தண்டில் இந்தத் தூரம் நீளும், சிலவற்றில் வசதியாகக் கை ஊன்ற முடியாத அளவுக்குக்கூட நீளும். அப்போது பிரிட்ஜ் கையையும் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி ஈடுகட்ட வேண்டியிருக்கும், அதை நான் பக்கத்தில் நின்று காட்டுகிறேன். கிடைத்த தூரத்தை ஒரு தாளில் எழுதிக் கியூ உறையில் வைத்துக்கொள். டிப் தேய்ந்து புதிது ஒட்டினால் மறுபடி பார்த்து எழுது, ஏனென்றால் புது டிப் உயரமாக இருக்கும், அதன் எடையும் அந்த நுனியில்தான் சேருகிறது. இடது ஓரத்துக்கும் இதையே செய். இரண்டு பக்கமும் ஒரே தூரம் வரவில்லை என்றால் தண்டைக் குறை சொல்லாமல் என்னைக் கூப்பிடு, பெரும்பாலும் நீ நிற்கிற நிலையில் பார்க்க வேண்டியது இருக்கும்.